ஸ்டென்ட் வைத்தாயிற்று, அப்புறம்? வசதியில்லாத இதய நோயாளிக்கு மறுவாழ்வுப் பயிற்சியைக் கொண்டு சேர்க்கும் முழு வழிகாட்டி

மாரடைப்பு வந்த ஒரு கொத்தனார், 108-ல் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய், ஸ்டென்ட் வைத்துக்கொண்டு ஐந்தாம் நாள் வீடு திரும்புகிறார். கையில் ஒரு ஃபைலும் ஒரு பை மாத்திரையும். காதில், "ரெஸ்ட் எடுங்க, வெயிட் தூக்காதீங்க, ஒரு மாசம் கழிச்சு வாங்க." அடுத்த மூன்று மாதம் அவர் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார். நடந்தால் ஸ்டென்ட் நகர்ந்துவிடும் என்ற பயம் அவருக்கும் உண்டு, வீட்டில் இருப்பவர்களுக்கும் உண்டு. கையில் இருந்த காசு தீர்ந்ததும் ஒருநாள் விடியற்காலையில் எழுந்துபோய் நேரே சிமெண்ட் மூட்டையைத் தூக்குவார்.

ஒரு தாலுகா மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் எனக்கு இது பழகிப்போன காட்சி. திண்ணைக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் நடுவில் இருக்க வேண்டிய அந்த மூன்று மாதத்துக்குப் பெயர்தான் இதய மறுவாழ்வு. படிப்படியாக ஏற்றப்படும் உடற்பயிற்சி, மாத்திரையை விடாமல் போடுவது, சாப்பாடு, பீடி சிகரெட்டை விடுவது, மனத் தெம்பு, வேலைக்குத் திரும்புவது என எல்லாம் சேர்ந்த 8 முதல் 12 வாரத் திட்டம் அது.

இதன் பலன் சந்தேகத்துக்கு இடமில்லாதது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2016-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 63 ஆய்வுகளை, 14,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை எடுத்துப் பார்த்தது. இதய நோயால் இறந்தவர்கள் பயிற்சி பெறாதவர்களில் 10.4 சதவீதம், பெற்றவர்களில் 7.6 சதவீதம். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைந்தது. இப்படி ஒரு மாத்திரை வந்திருந்தால் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருப்போம். ஆனால் உலகத்தில் ஏறக்குறைய பாதி நாடுகளில்தான் இந்தச் சேவையே இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் இருக்கிறது. ஸ்டென்ட் வைக்க முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கிறது. வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வந்து போகும் பஸ் செலவுக்கும், அன்றைக்கு விட்டுப்போகும் கூலிக்கும் அந்த அட்டை உதவாது.

தாலுகா மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வேலை செய்யும் டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், தன்னார்வலர் யாராவது ஒருவர் மனது வைத்தால் எப்படித் தொடங்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். ட்ரெட்மில் வேண்டாம், ஏசி அறை வேண்டாம். ஒரு வராந்தா, ஒரு பி.பி. கருவி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ஒரு நோட்டு, ஒரு போன் போதும்.

முதல் படி: யார் வரவில்லை என்று கண்டுபிடியுங்கள்

கடந்த ஆறு மாதத்தில் உங்கள் பகுதியிலிருந்து மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் என்று போய்த் திரும்பியவர்களைப் பட்டியலிடுங்கள். தொற்றா நோய்ப் பிரிவின் பதிவேடு, காப்பீட்டுத் திட்ட அலுவலர், கிராம சுகாதார செவிலியர், வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர் ஆகிய நான்கு இடங்களில் கேட்டால் முக்கால்வாசிப் பெயர் வந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஊர், தொழில், வயது, ஆணா பெண்ணா, பஸ் எத்தனை மாற வேண்டும், போன் யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள்.

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் நம்பர் பல நேரம் திருப்பூரில் வேலை செய்யும் மகனுடையது. நாம் பத்து தடவை கூப்பிட்டு "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதியிருப்போம். பாவம், அந்த அம்மாவுக்கு நாம் கூப்பிட்டதே தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

இரண்டாம் படி: டிஸ்சார்ஜ் அன்றே கைமாற்றி விடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 11 மருத்துவமனைகளில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. டாக்டருக்கு ஞாபகம் வந்தால் மட்டும் பரிந்துரைத்த இடங்களில் நூற்றுக்கு 29 பேர்தான் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்ந்தார்கள். தகுதியுள்ள எல்லோருக்கும் பரிந்துரை தானாகவே போகும்படி செய்து, கூடவே ஒருவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய இடங்களில் 70-க்கும் மேல் சேர்ந்தார்கள்.

இதற்கு கம்ப்யூட்டர் மென்பொருள் எதுவும் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும்: "இதய மறுவாழ்வுப் பயிற்சி: இடம், கிழமை, பார்க்க வேண்டியவர், போன்." ஸ்டாம்ப் எல்லோருக்கும் விழட்டும்; வேண்டாம் என்றால்தான் டாக்டர் அதைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். நீங்கள் தாலுகா மருத்துவமனையில் இருந்தால், பெரியாஸ்பத்திரியின் இதயப் பிரிவு வார்டு நர்ஸிடம் நேரில் போய் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கடிதம் போட்டுக் காத்திருந்தால் அது ஃபைலில்தான் இருக்கும்.

படுக்கை ஓரத்தில் பேசும்போது "உடற்பயிற்சி" என்ற சொல்லை முதலில் எடுக்காதீர்கள். "நாள் முழுக்க வெயில்ல கல்லு சுமக்கிறேன், எனக்கு எதுக்குய்யா எக்ஸர்சைஸ்?" என்று என்னிடம் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து நான் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன்: "அண்ணே, மறுபடி வேலைக்குப் போகணும்ல? எவ்வளவு தூக்கலாம், எப்ப தூக்கலாம்னு நாம சேர்ந்து பார்த்துக்கலாம். அதுக்கு மூணு மாசம் ஆகும். வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க, வரும்போது அண்ணியையும் கூட்டிட்டு வாங்க." பேச்சைக் கேட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

மூன்றாம் படி: யாரை இங்கே பார்க்கலாம், யாரை அனுப்ப வேண்டும்

இதில் அவசரம் கூடாது. எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் அளவு (இ.எஃப்.) 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர், மாரடைப்பின்போது இதயம் நின்று மீட்கப்பட்டவர், ஆபத்தான துடிப்புக் கோளாறு உள்ளவர், அடைப்பு இன்னும் மிச்சம் இருந்து கொஞ்சம் நடந்தாலே நெஞ்சு வலிப்பவர் ஆகியோர் ஈ.சி.ஜி. கண்காணிப்பு உள்ள பெரிய மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும். ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலி, கால் வீக்கத்தோடு மூச்சுத் திணறல், காய்ச்சல், பி.பி. 180/100-க்கு மேல், நாடித்துடிப்பு 120-க்கு மேல் என்றால் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கும் இதய மருத்துவரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும்.

மாரடைப்பு வந்து ஒரு மாதம் கழித்து 6 நிமிட நடைச் சோதனை செய்யலாம். அதற்கு முன் வேண்டாம். வராந்தாவில் 30 மீட்டர் அளந்து இரு முனையிலும் ஒரு நாற்காலி போடுங்கள். உட்கார வைத்துப் பத்து நிமிடம் கழித்து பி.பி., நாடித்துடிப்பு, ஆக்சிஜன் எடுங்கள். "ஆறு நிமிஷத்துல உங்களால எவ்வளவு தூரம் முடியுமோ நடங்க, முடியலன்னா நின்னுக்கலாம், ஓட வேண்டாம்." எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். நெஞ்சு வலி, தாங்க முடியாத மூச்சிரைப்பு, தள்ளாட்டம், திடீர் வியர்வை, முகம் வெளுப்பது, இதில் எது வந்தாலும் உடனே நிறுத்துங்கள். சோதனை நடக்கும்போது டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும்.

முடித்ததும் தூரத்தை நோயாளியிடம் சொல்லுங்கள். எங்கள் வராந்தாவில் ஓர் அம்மா 210 மீட்டர் நடந்துவிட்டு, "நானா இவ்வளவு நடந்தேன்?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். மூன்று மாதமாக அவரை பாத்ரூமுக்குக்கூட கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

நான்காம் படி: வீட்டிலேயே செய்யும் பயிற்சியை எழுதிக் கொடுங்கள்

வாரம் மூன்று நாள் வரச் சொல்லி யாரும் வரவில்லை என்று வருந்துவதை விட, வீட்டுப் பயிற்சியையே முதல் வழியாக வையுங்கள். ஆபத்து குறைந்த நோயாளிகளுக்கு மருத்துவமனைப் பயிற்சிக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை காக்ரேன் தொகுப்புகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நேரில் நான்கைந்து தடவை, மீதி போனில் என்று திட்டமிடுங்கள்.

முதல் இரண்டு வாரம் சமதரையில் 5 நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. அடுத்த இரண்டு வாரம் 10 நிமிடம், இரண்டு மூன்று தடவை. ஆறாவது வாரத்தில் ஒரே மூச்சில் 20 நிமிடம். பத்தாவது வாரத்துக்குள் 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். இது பொதுவான கணக்குதான். ஒருவர் முடியவில்லை என்றால் அதே படியில் இன்னொரு வாரம் இருக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. தொடங்கும்போது ஐந்து நிமிடம் மெதுவாக, முடிக்கும்போதும் ஐந்து நிமிடம் மெதுவாக. வேகமாக நடந்துகொண்டே வந்து சட்டென்று நின்றால் பி.பி. இறங்கித் தலை சுற்றும்.

எவ்வளவு வேகம்? நாடியை எண்ணச் சொல்வதில் ஒரு சிக்கல். பெரும்பாலோர் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுவதால் அவர்கள் நாடி எப்படியும் மெதுவாகத்தான் ஓடும். எளிய அளவுகோல்: நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். தூரத்தையும் மீட்டரில் சொல்லாதீர்கள். "வீட்டிலிருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும்", "எட்டு கரண்ட் கம்பம்" என்று எழுதுங்கள். காலை ஏழரைக்கு முன், மாலை ஐந்துக்குப் பின். சித்திரை வைகாசி வெயிலில் பகல் நடையே வேண்டாம். சாப்பிட்ட உடனே நடக்கவும் வேண்டாம்.

நான்காவது வாரத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைச் சேர்க்கலாம், பத்து தடவை, பிறகு இரண்டு பத்து. தொடையில் வலு வந்தால்தான் நம் ஊர்க் கழிப்பறையில் உட்கார்ந்து எழுவது சுலபமாகும். அங்கே முக்குவது இதயத்துக்கு நல்லதில்லை என்பதால் மலச்சிக்கல் இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

பைபாஸ் ஆனவர்களுக்கு அறுத்த நெஞ்செலும்பு ஒட்டிச் சேர வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை தண்ணீர்க் குடம், பேரக்குழந்தை, அடிபம்பு, டூவீலர் எதுவும் கூடாது. இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளட்டும்.

சுமை தூக்கும் தொழிலாளிக்குக் கடைசி ஒரு மாதம் தொழிலையே பயிற்சியாக்குங்கள். பாண்டுச் சட்டியில் கால் பங்கு மணலில் ஆரம்பித்து வாராவாரம் கொஞ்சம் ஏற்றி, தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடப் பழக்குங்கள். மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். முதல் மாதம் பூச்சு வேலை, சாரம் ஏறுவதும் மூட்டையும் பிறகு என்று பல மேஸ்திரிகள் ஒத்துக்கொள்வார்கள்.

ஊரில் நல்ல யோகா ஆசிரியர் இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் 24 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 4,000 மாரடைப்பு நோயாளிகளிடம் யோகா வழி மறுவாழ்வைச் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். 12 வாரத்தில் 13 வகுப்புகள். இறப்பும் மறு மாரடைப்பும் குறைந்தன என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் நோயாளிகளின் உடல்நல உணர்வும் பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் மேம்பட்டன. நடையோடு சேர்த்துச் செய்யுங்கள், நடைக்குப் பதிலாக வேண்டாம்.

ஐந்தாம் படி: இருக்கிற ஏற்பாடுகளோடு முடிச்சுப் போடுங்கள்

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டாரம்தோறும் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீடு வீடாகப் போகிறார். அவர் பட்டியலில் பக்கவாதமும் முழங்கால் வலியும்தான் நிறைந்திருக்கும். வட்டார மருத்துவ அலுவலரிடம் பேசி, இதய நோயாளிகளையும் அந்தப் பட்டியலில் ஏற்ற முடியுமா என்று கேளுங்கள். மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அக்காவுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்தால், "இந்த வாரம் எத்தனை நாள் நடந்தீங்க?" என்ற ஒரு கேள்வியை அவரே கேட்டுக் குறித்துக்கொள்வார். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி குழுவினர் 14 மருத்துவமனைகளில் இப்படிச் சுகாதாரப் பணியாளர்களை வைத்துச் செய்து பார்த்து 2016-ல் வெளியிட்டார்கள். ஓராண்டு கழித்தும் மாத்திரையைத் தவறாமல் போட்டவர்கள் அந்தக் குழுவில்தான் அதிகம்.

நேரில் வரச் சொல்லும் நாளை, அவர்கள் எப்படியும் மாத்திரை வாங்க வரும் நாளோடு சேர்த்து வையுங்கள். ஒரே பஸ், ஒரே நாள் கூலி நஷ்டம். 2023-ல் மாவட்டம்தோறும் அமைந்த "நடப்போம் நலம் பெறுவோம்" 8 கிலோமீட்டர் நடைபாதை பக்கத்தில் இருந்தால், முதல் ஒரு கிலோமீட்டரில் குழுவாக நடக்க வைக்கலாம்.

ஆறாம் படி: பெண்களுக்குத் தனியாக யோசியுங்கள்

எங்கள் நோட்டில் முதல் வருடம் பெண்கள் பெயர் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தது. காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் அவர்கள் அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறார்கள். "வீட்டு வேலை செய்றாளே, அதுவே எக்ஸர்சைஸ்தானே" என்கிறார்கள். நின்று நின்று பார்க்கும் வேலையில் உடம்பு அலுக்கும், இதயத்துக்குப் பயிற்சி ஆகாது. தனியாகத் தெருவில் நடந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்ற கூச்சம் வேறு.

மகளிர் சுயஉதவிக் குழு கூடும் நாளில், அதே இடத்தில் முக்கால் மணி நேரம் கேளுங்கள். நின்ற இடத்திலேயே கால் தூக்கி நடப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, வாசற்படி ஒன்றில் ஏறி இறங்குவது எல்லாம் நாலு சுவருக்குள் நடக்கும். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரைத் துணைக்குச் சேருங்கள். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், அந்த பஸ் எத்தனை மணிக்கு வருகிறதோ அதற்கு ஏற்ப உங்கள் நேரத்தை மாற்றுங்கள். கணவரையோ மகனையோ ஒருமுறை வரவழைத்து, தண்ணீர்க் குடம் மூன்று மாதத்துக்கு யார் தூக்குவது என்று அவர்கள் முன்னாலேயே பேசி முடியுங்கள்.

ஏழாம் படி: மாத்திரை, சாப்பாடு, பீடி, மனசு

2011-ல் வெளிவந்த ப்யூர் என்ற பன்னாட்டு ஆய்வில், இந்தியாவும் சேர்ந்திருந்த குறைந்த வருமான நாடுகளில் இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர், சாப்பிட வேண்டிய நான்கு வகை மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு சந்திப்பிலும் மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்லிப் பாருங்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஸ்டென்ட் அடைக்காமல் காப்பவை. பல் பிடுங்கவோ, வயிறு எரிகிறது என்றோ தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துவிடலாம். "டாக்டரைக் கேட்காம இந்த ரெண்டையும் நிறுத்தக் கூடாது" என்று மாத்திரைக் கவரிலேயே பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

சாப்பாட்டில், ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் சொல்லி அனுப்பினால் அவர்கள் மறுபடி வரவே மாட்டார்கள். வீட்டில் இருப்பது ரேஷன் பாமாயில். மாதத்துக்கு எத்தனை பாக்கெட் தீர்கிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு அளவைக் குறையுங்கள், பொரித்த எண்ணெயைத் திரும்பக் காய்ச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் பற்றித் தனியாகக் கேளுங்கள். உப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, சுண்டல், மத்தி மீன் குழம்பு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், மீனைப் பொரிக்காமல் இருந்தால் சரி.

பீடியை விட உதவ 1800 11 2356 என்ற இலவச எண் இருக்கிறது. உங்கள் போனிலிருந்தே போட்டுக் கையில் கொடுங்கள். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, "இனிமே நான் எதுக்கு" என்ற பேச்சு வந்தால் அதை விட்டுவிடாதீர்கள். 14416-ல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் ஆலோசகர் தமிழில் பேசுவார். தம்பதி உறவு பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்: இரண்டு மாடி சிரமமில்லாமல் ஏற முடிந்தால் பொதுவாகப் பயமில்லை. ஆனால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர், கடையில் கிடைக்கும் வீரிய மாத்திரையைத் தொடவே கூடாது. பி.பி. ஒரேயடியாகச் சரிந்து உயிருக்கே ஆபத்து.

ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியதையும் வீட்டில் உள்ள எல்லோரும் ஒருமுறை செய்து காட்டட்டும். நெஞ்சு வலி வந்தால் உடனே உட்காருவது, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் சார்பிட்ரேட் மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைப்பது, ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108. ஆட்டோ தேடி ஓட வேண்டாம்.

எட்டாம் படி: நோட்டைத் திருப்பிப் பாருங்கள்

மாதம் ஒருமுறை எண்ணுங்கள்: பரிந்துரைத்தவர்கள் எத்தனை பேர், முதல் நாள் வந்தவர்கள் எத்தனை பேர், பன்னிரண்டு வாரம் முடித்தவர்கள், வேலைக்குத் திரும்பியவர்கள், ஆறு மாதம் கழித்தும் மாத்திரை சாப்பிடுபவர்கள். மொத்தக் கணக்கோடு நிறுத்தாமல் ஊர்வாரியாக, தெருவாரியாகப் பிரியுங்கள். ஊர்ப்பக்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்து காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்றால், நீங்கள் வகுப்பு வைத்திருக்கும் கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் ஒரு கிராமத்தில் வகுப்பைக் கோயில் பக்கத்து மண்டபத்திலிருந்து பள்ளிக்கூட வராந்தாவுக்கு மாற்றினோம். அடுத்த வாரமே காலனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

நின்றுபோனவர்கள் பெயருக்கு எதிரே காரணம் எழுத ஒரு கட்டம் விடுங்கள். எங்கள் நோட்டில் அந்தக் கட்டத்தில் இருப்பவை: நடவு, மகள் பிரசவம், 100 நாள் வேலை, செருப்பு இல்லை. செருப்பு இல்லை என்று எழுதியிருந்த பெரியவருக்கு எங்கள் நர்ஸ் அக்கா ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தார். பிரசவத்துக்குப் போன அம்மா நாற்பது நாள் கழித்து, "மறுபடி சேர்த்துக்குவீங்களா தம்பி?" என்று வாசலிலேயே நின்றார். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டவர்களை, விட்ட இடத்திலிருந்து தொடங்க வைக்காதீர்கள். பி.பி. பார்த்து, மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்து, இரண்டு படி கீழே இறக்கி, 30 நிமிடத்தில் விட்டவரை 10 நிமிட நடையிலிருந்து மறுபடி ஏற்றுங்கள்.